முதல் வரிசை மேஜை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகள் இருக்கும் தெருவில் செங்கோட்டையனின் சாப்பாட்டுக் கடைக்குப் பதினைந்து வருஷமாகப் பெயரே கிடையாது. செங்கோட்டையன் கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். எழுபத்தொன்று டிசம்பரில் பங்களாதேஷ் சண்டை முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒருநாள் காலையில் கடைக்கு மேலே பெயர்ப்பலகை ஏறியிருந்தது. ‘ஜெய் ஜவான் மெஸ்.’ அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில், ‘தாய்நாடு காத்த பட்டாளத்து வீரர்களுக்குச் சாப்பாடு பாதி விலை. முதல் வரிசை மேஜை அவர்களுக்கே.’

எதிரே மளிகை மண்டியின் கிடங்கில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த தண்டாயுதபாணி அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தார். இவனுக்கு என்ன வேணும் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

அவர் பரமத்தி வேலூர்க்காரர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து, ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். ஜபல்பூர் பக்கம் ஒரு டிப்போவில் ஸ்டோர் பார்த்தே அந்தப் பதினேழு வருஷமும் போயிற்று. பெட்டியின் மேல் நூறு கம்பளி என்று எழுதியிருந்தால், பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போடமாட்டார். அறுபத்திரண்டில் சீனாக்காரனோடு சண்டை நடந்தபோதும், அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு நடந்தபோதும் அவர் அந்த டிப்போக் கொட்டகையில் நின்று கோட்டையும் பூட்ஸையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பனியை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

அதனால்தான் செவ்வாய்ப்பேட்டையில் யாரிடமும் தான் பட்டாளத்துக்காரன் என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று வரும். ஒருத்தரையும் சுடவில்லை என்றால், கேட்டவன் முகம் சப்பென்று ஆகிவிடும். ஊரில் இரண்டு மூன்று தடவை அதைப் பார்த்து அவருக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன் பலகையைப் பார்த்துவிட்டு, “நாங்க நெதமும் எழுவது மூட்டை தூக்கறோம். எங்களுக்குப் பாதி வெலைன்னு எவனாச்சும் போர்டு வெப்பானுங்களா?” என்று கேட்டான். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. தண்டாயுதபாணி அடுத்த வண்டியைக் கவனிக்கப் போனார்.

குகைப் பகுதியில் அவர்கள் குடியிருந்த வீட்டில் அவர் மனைவி வசந்தாமணிக்கு இந்த விஷயத்தில் வேறு அபிப்பிராயம்.

“பதினேழு வருசம் நீங்க அங்க, நா இங்க. ஒருத்தன் மரியாதையாக் கூப்புட்டு ஒரு வாய் சோறு போட்டா என்ன கொறஞ்சு போகுதுங்க?”

“சும்மா எவனும் போடமாட்டான்.”

“அவன் எங்க சும்மா போடறான்? பாதி வெலைக்குத்தான போடறான்.”

ஆறு மாதம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஜூலைக் கடைசியில், மாரியம்மன் கோயிலில் செங்கோட்டையனின் மனைவியிடம் அவர் பட்டாளத்தில் இருந்ததை வசந்தாமணி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலேயே செங்கோட்டையன் கையில் காபி டம்ளரோடு தெருவைத் தாண்டி வந்தார்.

“ஏனுங்க ஹவில்தாரு, எதுத்தாப்பலயே இருந்துக்கிட்டு இத்தனை மாசமாச் சொல்லாம இருந்துட்டீங்களே.”

காபியை வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் செங்கோட்டையன் விஷயத்துக்கு வந்தார்.

“ஆகஸ்ட்டு பதினஞ்சு வருதுங்க. சொதந்திரம் வந்து இருவத்தஞ்சாவது வருசம். கடை முன்னால பந்தல் போட்டு ஒரு பட்டாளத்துக்காரருக்குப் பொன்னாடை போத்தலாம்னு இருக்கறேன். பெரிய ஆபீசர் ஒருத்தரு வாராருங்க. மேச்சேரியிலிருந்து மாரியப்பன்னு ஒருத்தரு நம்ம கடைக்கு வருவாரு, பாத்திருப்பீங்க. சீனாச் சண்டையில பனிமலையில நின்னவரு. ஆனா அந்தாளு டூப்புன்னு ரெண்டு பேரு எங்காதுல போட்டாங்க. நாலு பேரு முன்னால மானம் போயிரக்கூடாது பாருங்க. நீங்க ஒருக்காப் பேசிப் பாத்துச் சொல்லோணும்.”

தண்டாயுதபாணி அந்த ஆளைப் பார்த்திருந்தார். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு ஆட்டுத்தோல் கட்டிக்கொண்டு வருகிறவன். தோல் மண்டியில் சரக்கைப் போட்டுவிட்டு, மத்தியானம் மெஸ்ஸுக்கு வந்து முதல் வரிசை மேஜையில் உட்காருவான். சேலத்து வெயிலில் ஊரே செருப்போடு அலையும்போது அவன் மட்டும் கான்வாஸ் ஷூ போட்டிருப்பான். அவன் கையைக் காலை ஆட்டிப் பேசுவதும், சுற்றி நாலு பேர் நின்று கேட்பதும் எதிர்க் கிடங்கிலிருந்து தெரியும். இவன் ஏமாற்றுகிறவன் என்று ஜனவரியிலேயே அவர் முடிவு கட்டியிருந்தார். அதனால் செங்கோட்டையன் கேட்ட வேலை, வெளியில் காட்டிக்கொண்டதைவிட அவருக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் முதல் தேதி செவ்வாய்க்கிழமை. முதல் வரிசை மேஜையில் மாரியப்பனுக்கு எதிரே தண்டாயுதபாணி உட்கார்ந்தார். ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். தோல் வாடை லேசாக அடித்தது. இலை போட்டதும் அவர் ஆரம்பித்தார்.

“நானும் பட்டாளந்தானுங்க. நீங்க எந்த ரெஜிமென்ட்டு?”

மாரியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “மெட்ராஸ் ரெஜிமென்ட்டுங்க” என்றான்.

“அப்ப சென்டர்ல எத்தனை மாசம் பழகுனீங்க? அது எங்க இருக்குது?”

“பெங்களூருங்க.”

மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி சென்டர் ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருந்தது. தண்டாயுதபாணி தலையாட்டிக்கொண்டார்.

“உங்க நம்பரு?”

பட்டாளத்தில் இருந்தவனைத் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் தன் நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பான். மாரியப்பன் பிசைவதை நிறுத்தினான்.

“கடைக்காரரு கேக்கச் சொன்னாருங்களா?”

“ஆமாங்க.”

“நம்பரு இல்லைங்க. நான் துப்பாக்கி புடிக்கலை. கடப்பாறைதான் புடிச்சேன்.”

பிடித்துவிட்டோம் என்று தண்டாயுதபாணிக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. மாரியப்பன் மேஜைக்குக் கீழே குனிந்து இடதுகால் ஷூவைக் கழற்றினான். அந்தக் காலில் சுண்டுவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் இல்லை. இருந்த இடம் வழவழவென்று வெளுத்திருந்தது.

“பனி தின்னுருச்சுங்க” என்றான்.

அறுபத்தொன்றில் ஒரு மேஸ்திரி மேச்சேரிப் பக்கத்திலிருந்து நாற்பது பேரை ரயிலேற்றிக் கூட்டிப் போயிருக்கிறான். அஸ்ஸாமில் தேஜ்பூரில் இறக்கி, அங்கிருந்து லாரியில் மலைக்கு மேலே. எல்லைக்கு ரோடு போடுகிற வேலை. ஆடு மேய்த்த கையால் பாறை உடைத்தார்கள். அடுத்த வருஷம் ஐப்பசியில் சண்டை வந்தது. மேலே போகிற லாரியில் ஜவான்கள் போனார்கள், கீழே வருகிற லாரியில் அடிபட்டவர்கள் வந்தார்கள். ரோட்டில் மண் சரியச் சரிய இவர்கள் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் விடிந்து பார்த்தால் மேஸ்திரியைக் காணோம். பதினோரு நாள் நடந்து கீழே இறங்கினார்கள். அங்கமுத்து, சின்னண்ணன் என்று ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வரவே இல்லை. அவர்கள் செத்தார்கள் என்றோ இருக்கிறார்கள் என்றோ இன்றுவரை ஒரு கடுதாசி கிடையாது.

“அப்புறம் எதுக்குங்க பட்டாளம்னு பொய் சொன்னீங்க?” என்று தண்டாயுதபாணி கேட்டார். குரலை அவர் தணித்திருந்தார்.

“நானாச் சொல்லலைங்க. சண்டையப்பப் பனியில இருந்தேன்னேன். ரெஜிமென்ட்டு எதுன்னு கடைக்காரரே கேட்டு, அவரே மெட்ராஸ்னு எழுதிக்கிட்டாரு. அதுக்கப்புறம் வாரவங்க போறவங்கெல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டாங்க. எங்கூர்ல பத்து வருசமா ஒருத்தரும் கேக்கலைங்க.”

மாரியப்பன் ஷூவை மாட்டிக்கொண்டு, மிச்சச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றான்.

சாயங்காலம் தண்டாயுதபாணி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று உள்ளது உள்ளபடி சொன்னார். மாரியப்பன் பட்டாளத்துக்காரர் இல்லை. ஆனால் சண்டை நடந்த இடத்தில் நின்றவர், கால்விரலைக் கொடுத்தவர். பொன்னாடை போர்த்தினால் அவருக்குத்தான் போர்த்தவேண்டும்.

“பேப்பரு இருக்குதுங்களா?” என்று செங்கோட்டையன் கேட்டார்.

“இல்லை.”

“அப்ப உட்டுருங்க. ஆபீசரு கேட்டா எதைக் காட்டறது? உங்ககிட்டத்தான் பேப்பரு இருக்குதே. நீங்களே வந்துருங்க.”

“நான் சண்டைக்கே போகலைங்க. டிப்போவுல கம்பளி எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

“அதை யாருங்க கேக்கப் போறா?”

செங்கோட்டையன் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து டைப் அடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பஸ் ஸ்டாண்டுக்குள் சிற்றுண்டிக் கடை நடத்த இடம் கேட்டு, விழாவுக்கு வரும் ஆபீசருக்கு எழுதிய மனு. ‘கடந்த ஆறு மாதங்களில் நானூறு ராணுவ வீரர்களுக்குச் சேவை செய்திருக்கிறேன்’ என்று அதில் எழுதியிருந்தது. கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்த மேஜைக்கு வருகிறவர்களைத் தண்டாயுதபாணி தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர். மொத்தமே ஒன்பது பேர்தான். தான் முதல்நாள் நினைத்தது சரிதான் என்று தெரிந்துபோயிற்று. தெரிந்தும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

“இதுக்காகத்தானுங்களா எல்லாம்?”

செங்கோட்டையனுக்குக் கோபம் வரவில்லை. “லாபமில்லாம நான் எதுக்குங்க செய்யோணும்? நான் என்ன சாமியாரா? ஆனா சோறு சோறுதானுங்களே. அந்த மேச்சேரிக்காரரு ஆறு மாசமா வயிறு நெறையச் சாப்பிட்டாரா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

தண்டாயுதபாணி கையெழுத்துப் போடவில்லை. மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் பொன்னாடை விஷயத்தில் அவர் ஒரு தப்புச் செய்தார். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கவேண்டும். வசந்தாமணி பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி ஒரு நினைப்பு வந்து தொலைத்தது. “யோசிச்சுச் சொல்றேனுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் பார்த்தால் தெருவெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ‘பனிமலைப் போர் கண்ட மாவீரர் ஹவில்தார் தண்டாயுதபாணி அவர்களுக்குப் பொன்னாடை.’ அவர் அதைப் படித்துக் காது சிவந்து நின்ற நேரத்தில்தான் மெஸ் வாசலில் மாரியப்பன் நின்றுகொண்டிருந்தான். பரிமாறுகிறவன் அவனை முதல் வரிசைக்கு விடாமல், பின்னால் இருக்கும் பெஞ்சைக் காட்டினான். முழு விலை என்றும் சொல்லியிருப்பான் போல. மாரியப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுவரைக் காட்டி, பக்கத்தில் நின்றவரிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். அவர் உரக்கவே படித்துக் காட்டினார்.

மாரியப்பன் தெருவைத் தாண்டிக் கிடங்குக்கு வந்தான். சத்தம் போடுவான் என்று தண்டாயுதபாணி எதிர்பார்த்தார்.

“சாப்பாடு போனாப் போகுதுங்க” என்றான் மாரியப்பன். “என் பனியையும் எடுத்துக்கிட்டீங்களே.”

“நான் எழுதச் சொல்லலைங்க. சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தெரியாமயா உங்க பேரு அங்க இருக்குது?”

அவன் தோல் கட்டிய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சாப்பிடவும் இல்லை.

தண்டாயுதபாணி போய்ச் செங்கோட்டையனிடம் நோட்டீசைக் கிழிக்கச் சொன்னார். ஐநூறு அடித்துப் பாதி ஒட்டியாயிற்று என்றார் அவர். நான் வரமாட்டேன் என்றார் இவர். வருவீர்கள் என்று சிரித்தார் அவர்.

பதினான்காம் தேதி வீட்டில் வசந்தாமணி கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து உதறி வைத்திருந்தாள். அவர் முழுக்கதையையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டுச் சேலையை மடிக்க ஆரம்பித்தாள்.

“நாளைக்கு மேச்சேரிக்குப் போறேன்.”

“அந்தாளு உங்களை நம்புவாருங்களா?”

“மாட்டாரு.”

“அப்புறம் எதுக்குப் போறீங்க?”

“போகாம இருக்க முடியலை.”

அவள் சேலையைப் பெட்டியில் வைத்து மூடினாள். கோபமா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் மட்டும் வழிக்குச் சாப்பிட இட்லி கட்டிக் கொடுத்தாள்.

ஓமலூர் வழியாக மேச்சேரி பஸ்ஸில் போய், இறங்கி விசாரித்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தார். வழியெல்லாம் வறண்ட காடு. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிப் பிள்ளைகள் மிட்டாயோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். மாரியப்பன் பட்டியில் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“இன்னைக்குத்தானுங்களே பொன்னாடை?”

“நான் போகலை.”

“ஏனுங்க?”

“அது என்னுது இல்லைங்க.”

மாரியப்பன் தழைக்கட்டை முடிந்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். “சரி. இப்ப என்ன வேணுங்க உங்களுக்கு?”

பஸ்ஸில் வரும்போது தண்டாயுதபாணி அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு மட்டும் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை.

“வராமப் போன ரெண்டு பேரு பேரும் ஊரும் வேணும். நான் இங்கிலீசுல மனு எழுதுவேன். எந்த ஆபீசுக்கு எழுதினா எந்த ஆபீசுல பதில் சொல்லுவாங்கன்னு தெரியும். பதினேழு வருசம் அந்த வேலைதான் பாத்தேன்.”

“பணம் வந்தா உங்க கைக்கு வருங்களா?”

“பணம் வராதுங்க. வந்தாலும் அவங்க ஊட்டு ஆளுங்க பேருக்குத்தான் வரும்.”

மாரியப்பன் எழுந்து போனான். திரும்பி வரும்போது ஒரு கிழவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அங்கமுத்துவின் அம்மா அத்தாயி. முந்தானை முடிச்சில் ஒரு மணியார்டர் துண்டு வைத்திருந்தாள். அறுபத்திரண்டு ஆவணியில் மகன் கடைசியாகப் பணம் அனுப்பியபோது வந்தது. அதில் அவன் வேலை செய்த பிரிவின் நம்பர் மங்கலாக இருந்தது. தண்டாயுதபாணி கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“பாத்து எழுதிக்க சாமி. கையில தரமாட்டேன்.”

அவள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டே நிற்க, அவர் மண்ணில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டார். சின்னண்ணன் வீட்டில் பெயரைத் தவிர ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவன் மனைவி வாசற்படி தாண்டி வெளியே வராமல் பெயரை மட்டும் சொன்னாள்.

அன்று செவ்வாய்ப்பேட்டைப் பந்தலில், வந்திருந்த ஆபீசருக்கே பொன்னாடை போர்த்தி விழாவை முடித்துவிட்டார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டார். செங்கோட்டையன் அதன்பிறகு அவரோடு பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவருக்கு இடம் கிடைத்தது. மெஸ் பலகையில் சிவப்பு எழுத்துகளின் மேல் பச்சைப் பெயின்ட் அடித்துக் காபி, டிபன் என்று எழுதினார்கள். அந்த மேஜைக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் தண்டாயுதபாணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரால்தான் சலுகை போயிற்று என்று அவர்களுக்கு நினைப்பு.

அவர் மூன்று மனுப் போட்டார். முதலிரண்டுக்கும் பதில் இல்லை. எழுபத்துமூன்று ஏப்ரலில் மூன்றாவதுக்கு ஒரு பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி மேச்சேரிக்குப் போனார். கூலி அங்கமுத்துவின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அறுபத்திரண்டு நவம்பரில் சாலையில் மண் சரிந்து இறந்தான். சின்னண்ணன் என்ற பெயர் இல்லை. மாரியப்பன் பெயரும் இல்லை. மேஸ்திரி யார் பெயரை எங்கே எழுதினானோ, எழுதவே இல்லையோ.

அத்தாயி கடைசிவரை கேட்டாள். “மண்ணு சரிஞ்சா?” என்றாள்.

“ஆமாங்காத்தா.”

“குளுருல வெறைச்சுப் போகலையே?”

“இல்லீங்க. மண்ணுன்னுதான் எழுதியிருக்குது.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பத்து வருஷமாக ஒவ்வொரு மார்கழிக்கும் அவள் தன் கம்பளியைப் போர்த்தாமல் கிடந்தாள் என்று மாரியப்பன் பின்னால் சொன்னான். சின்னண்ணன் மனைவி இந்தத் தடவை வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். தன் புருஷன் பெயர் அதில் இல்லை என்பதை அவள் நம்பவில்லை. இருந்தும் சொல்லாமல் மறைக்கிறார் என்றுதான் அவள் பார்வை இருந்தது. தண்டாயுதபாணி மறுபடி எழுதுகிறேன் என்றார். அவள் உள்ளே போய்விட்டாள்.

மாரியப்பன் கடுதாசியைக் கையில் வாங்கினான்.

“தப்பா நெனைக்காதீங்க. பள்ளிக்கூடத்து வாத்தியாருகிட்டயும் ஒருக்காப் படிக்கச் சொல்லிட்டு வாரேன்.”

“போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கறேன்.”

முக்கால்மணி நேரம் ஆயிற்று. தண்டாயுதபாணி வேலமர நிழலில் உட்கார்ந்து, ஒரு கிடாக்குட்டி அவர் துண்டைக் கடிக்க வருவதை விரட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த மாரியப்பன், “நீங்க படிச்சதேதான் அவரும் படிச்சாரு” என்று சொல்லிவிட்டு, அவரைப் பஸ் ஏற்ற ரோடு வரைக்கும் கூடவே வந்தான். நடக்கும்போது இடதுகாலைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். பாதி வழி வந்ததும் கேட்டான்.

“சின்னண்ணனுக்கு மறுக்கா எப்ப எழுதுவீங்க?”

“நாளைக்கே எழுதறேன். உங்க பேரையும் சேத்து எழுதறேன்.”

“எழுதினதுல ஒரு நகலு எனக்கு அனுப்போணுமுங்க. தபால்ல போட்ட ரசீதும் வேணும்.”

“அனுப்பறேன்” என்றார் தண்டாயுதபாணி. அவருக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது.